ஏற்றுக்கொள்ளாதே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சமூக வலைத்தளங்களில் இளமை இனித்தது அன்றா, இன்றா?’ அன்றே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி ஒரு போடு போட்டார். “அன்று இணையத்தில் ஒரு புகைப்படம் தலையிலிருந்து தாடை வரை இறங்கிவர ஐந்து நிமிடம். அந்தக் காத்திருப்புக்குப் பெயர் இனிமையா?” கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் மற்ற வாதங்கள் பையிலேயே தூங்கட்டும்.

அம்மா, அன்று நேரம் மட்டுமா போனது? மானமும் போனது! 2004இல் வந்த ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் டெஸ்டிமோனியல் என்று ஒன்று உண்டு. நண்பனைப் பாராட்டி எழுதுவோம். அவன் ஏற்றுக்கொண்டால்தான் வெளியே தெரியும். ஸ்கிராப் என்ற பொதுச் செய்தியில் எழுதினாலோ ஊரே படிக்கும். ஆகவே இரகசியம் பேச ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். டெஸ்டிமோனியலில் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘ஏற்றுக்கொள்ளாதே’ என்று போட்டுவிடுவோம்.

என் நண்பன் ஒருத்திக்கு அதில் காதல் கடிதமே எழுதினான். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினான். கடைசி வரி: ‘தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதே.’

அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

கடிதத்தை, ஐயா! அவனை அல்ல. விடிந்தபோது வகுப்பே படித்திருந்தது. அவளுடைய அண்ணன் படித்திருந்தான். படித்ததோடு நின்றானா? ‘எழுத்துப்பிழை மூன்று’ என்று இவனுக்கு ஸ்கிராப் அனுப்பினான். அதையும் வகுப்பே படித்தது!

அவள் கடைசி வரி வரை படிக்கவில்லையா, படித்துவிட்டுத்தான் அழுத்தினாளா? படித்திருக்க மாட்டாள் என்பான் நண்பன். அவன் மனைவியைக் கேட்டால் சிரிக்கிறார். ஆமாம், அவரேதான்.

2014 செப்டம்பர் 30இல் ஆர்குட்டை மூடிவிட்டார்கள். எழுதியதை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். இவன் நாளை, நாளை என்றே விட்டுவிட்டான். போன மாதம் மகள் கேட்டிருக்கிறாள், “அப்படி என்னதான் எழுதினீர்கள், அப்பா?” முதல் வரிகூட நினைவில் இல்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தானாம். மனைவி உள்ளே போய்ப் பழைய கல்லூரி நோட்டு ஒன்றை எடுத்துவந்திருக்கிறார். ஏற்றுக்கொண்ட அன்றைக்கே முழுவதையும் கைப்படப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த மூன்று பிழைகளும் அப்படியே இருக்கின்றன.

‘காப்பாற்றியது காகிதம்தானே’ என்று எதிரணி குறித்துக்கொள்கிறது. தாராளமாகக் குறித்துக்கொள்ளட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒன்றே ஒன்று. பிழையைக்கூட விடாமல் எழுதியவர், அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதவில்லை.