புரை ஏறினா தலையில தட்டுனா மட்டும் போதாது

வணக்கம் நேயர்களே. நான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு வராத குழந்தைங்களுக்குப் பயிற்சி குடுக்குறவங்கன்னுதான் எங்கள நிறைய பேருக்குத் தெரியும், ஆனா சாப்பாட்ட விழுங்க கஷ்டப்படுற பெரியவங்களப் பாக்குறதும் எங்க வேலைதான், இன்னைக்கு அதப்பத்திதான் பேச வந்திருக்கேன்.

வீட்ல யாருக்காவது புரை ஏறினா உச்சந்தலையில ரெண்டு தட்டு தட்டி "யாரோ உன்ன நினைக்கிறாங்க"ன்னு சொல்லுவோம்ல? எப்பவாவது ஒருநாள்னா சரிங்க. 80 வயசு தாத்தாவுக்கு டெய்லி காபி குடிக்கும்போது ஏறுதுன்னா காபி மூச்சுக்குழாய் பக்கம் போகுதுன்னு அர்த்தம். நாம விழுங்குற அந்த ஒரு செகண்ட் மூச்சு தானா நிக்கும், குரல்வளை மேல ஏறி மூடிக்கும், அப்புறந்தான் சாப்பாடு உணவுக்குழாய்க்குள்ள இறங்கும். வயசாகி உடம்பு தளர்ந்தா, இல்ல ஸ்ட்ரோக், பார்க்கின்சன், மறதி நோய்னு ஏதாவது வந்தா, இந்த மூடுற வேலை லேட்டாகும், தண்ணி அதுக்குள்ள ஓடிடும். அதனாலதான் "இட்லி நல்லா சாப்பிடுறாரு, வெறும் தண்ணிக்குத்தான் இருமுறாரு"ன்னு வீட்ல ஆச்சரியப்படுறாங்க. ரசம் சாதமும் அப்படித்தான், ரசம் முன்னால ஓடிடும், சோறு வாயிலயே நிக்கும். பருப்பு போட்டு கெட்டியா குழைச்சுக் குடுத்தா எவ்வளவோ தேவல.

இருமினாலாவது தெரிஞ்சிடும். சில பேருக்கு உள்ள போறதே தெரியாது, இருமலும் வராது. சாப்பிட்டு முடிச்சதும் குரல் கரகரன்னு ஈரமா கேக்குறது, ஒரு வேளை சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுக்குறது, கன்னத்துல சோறு தங்குறது, காரணமே இல்லாம அடிக்கடி காய்ச்சலும் சளியும் வர்றது, இதெல்லாம் பாத்தீங்கன்னா கிளைமேட் சேரலன்னு விட்டுடாதீங்க, ஈஎன்டி டாக்டர்கிட்டயோ எங்க மாதிரி ஆளுங்ககிட்டயோ காட்டிடுங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். நுரையீரலுக்குள்ள போறது சாப்பாடு மட்டும் இல்லீங்க, எச்சிலும் போகும், அதுவும் தூங்கும்போது. வாய் சுத்தமா இல்லன்னா அந்த எச்சில் முழுக்க கிருமி, நிமோனியா வர்றது அங்கருந்துதான். ஜப்பான்ல 11 முதியோர் இல்லத்துல ரெண்டு வருஷம் பாத்தாங்க, ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் பல் தேய்ச்சு விட்டாங்க, மீதிப் பேருக்கு வழக்கம் போல. வழக்கம் போல விட்டவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, தேய்ச்சு விட்டவங்கள்ல 11 சதவீதம்தான். பல்லே இல்லாதவங்களுக்கும் பலன் தெரிஞ்சுது. ஒரு பிரஷ்ஷுக்கு இவ்வளவு வேலை இருக்கு, நாம என்னடான்னா பாட்டிக்குத்தான் பல்லே இல்லையேன்னு மாசக்கணக்கா வாயத் திறந்தே பாக்குறதில்ல.

பல்லு இல்லன்னா ஈறு, நாக்கு, கன்னத்து உள்பக்கம் எல்லாம் ஈரத்துணியாலயோ ரொம்ப சாஃப்டான பிரஷ்ஷாலயோ துடைச்சு விடுங்க. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், துப்பத் தெரியாதவங்கன்னா அதுவும் வேண்டாம். பல் செட்ட ராத்திரி கட்டாயம் கழட்டி, தேய்ச்சுக் கழுவி, சாதா தண்ணியில போட்டு வைங்க, கொதிக்கிற தண்ணி ஊத்தினா வளைஞ்சிடும், அப்புறம் ஈறுல உக்காராது, அது குத்துதுன்னே சாப்பாட்ட ஒதுக்குவாங்க. வாய் எப்பவும் வறண்டே இருக்குன்னா மாத்திரையும் காரணமா இருக்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன். விழுங்க கஷ்டம்னதும் நம்ம ஆளுங்க நேரா கஞ்சிக்குப் போயிடுவாங்க. தண்ணிக் கஞ்சி ஒரு டம்ளர்ல புரதம் ரெண்டு கிராம் தேறுறதே பெருசு, பெரியவங்களுக்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது வேணும், அதாவது 50 கிலோ உள்ளவங்களுக்கு 50 கிராம். (கிட்னி பிரச்சினை உள்ளவங்க மட்டும் டாக்டர் சொல்றபடி.) மூணு வேளையும் கஞ்சின்னா ஆள் இளைப்பாங்க, தசை கரையும், விழுங்குறதும் தசையோட வேலைதானே, அதனால இன்னும் விழுங்க முடியாமப் போகும், இப்படியே ஒரு சுத்து. கெட்டியான கேழ்வரகுக் கூழ்ல பால் பவுடர் கலந்து குடுக்கலாம், முட்டைய வேகவெச்சு தயிரோட மையா மசிச்சுக் குடுக்கலாம், பருப்பும் நெய்யும் போட்ட சாதம் குடுக்கலாம்.

படுக்க வெச்சு மட்டும் ஊட்டாதீங்க, தயவு செஞ்சு. நிமிர்த்தி உக்கார வைங்க, டிவிய ஆஃப் பண்ணுங்க, சின்ன ஸ்பூன், ஒரு வாய் இறங்கின அப்புறந்தான் அடுத்த வாய், முடிஞ்சும் அரை மணி நேரம் உக்காந்தே இருக்கட்டும். மாத்திரை விழுங்க முடியலன்னு எல்லாத்தையும் பொடிச்சுடாதீங்க, மெதுவா கரையுற மாதிரி செஞ்ச மாத்திரைய பொடிச்சா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல ஏறிடும்.

இன்னொண்ணு, மூக்கு வழியா ட்யூப் போட்டிருக்குற வீடுகள்ல "வாயாலதான் சாப்பிடலையேம்மா, எதுக்கு பல் தேய்க்கணும்?"னு கேக்குறாங்க. ட்யூப் சாப்பாட்டத்தான் வயித்துக்குக் கொண்டு போகும், எச்சில் பழையபடி தொண்டைக்குள்ளதான் இறங்கும். மென்னு சாப்பிடாத வாய்ல எச்சிலும் கம்மி, அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். அவங்களுக்கும் காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, தலைய உசத்தி வெச்சு ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு துடைச்சு விடுங்க.