வராமல் போன தாய்மாமன்கள்

அனைவருக்கும் வணக்கம். காதுகுத்தென்றால் குழந்தை உட்காரத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை மலேசியாவிலிருந்தாவது வரவழைத்துவிடுவோம். மாமன் ஏன் இல்லை என்று சபையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று நான் இங்கே நிற்கிறேன். ஆனால் முதலில் 1952ஆம் ஆண்டு வாஷிங்டனுக்குப் போய் வருவோம்.

அங்கே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஆக்டன் புரூட்டன். அவரிடம் இருந்த 8 வயதுச் சிறுவனுக்கு நான்கு ஆண்டுகளில் 19 முறை கிருமி ரத்தத்தில் பரவிய நிலை வந்திருந்தது. அவற்றில் 10 முறை ரத்தச் சோதனையில் நிமோகாக்கஸ் கிருமியே வளர்ந்தது. மருந்து கொடுத்தால் எழுந்துவிடுவான், பிறகு மறுபடியும் படுத்துவிடுவான். புரூட்டன் தடுப்பூசியும் போட்டுப் பார்த்தார். அந்தக் கிருமியை எதிர்க்கும் புரதம் அவன் உடலில் உண்டாகவில்லை. கடைசியில் ரத்தநீரிலுள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் சோதனையைச் செய்தார்கள். அல்புமின் என்ற புரதம் தன் இடத்தில் இருந்தது. கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் அடங்கிய காமா குளோபுலின் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பல வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கூடுதலாக இருப்பது கண்ணில் குத்தும், இல்லாதது குத்தாது. அந்தச் சிறுவனின் மொத்தப் புரத அளவு சரியாகவே இருந்தது. அதை மட்டும் அளந்திருந்தால் 'நார்மல்' என்று எழுதி, கோப்பை மூடியிருப்பார்கள்.

புரூட்டன் செய்த சிகிச்சை நம் சமையலறை வழிதான். உப்பு இல்லையா, உப்பைப் போடு. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதாமாதம் தோலுக்கடியில் ஏற்றினார். அதன்பிறகு ஓராண்டுக்கு மேலாகியும் அந்தத் தொல்லை வரவில்லை. இன்றும் இந்த நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை அதுதான்.

காரணமான மரபணு பிடிபட 1993 ஆயிற்று. பிடிகே என்று பெயர் வைத்தார்கள்; அதிலுள்ள 'பி' புரூட்டன்தான். மரபணு இருக்கும் இடம் எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவது) என்றதும் அலமாரியிலிருந்து பாச்சை உருண்டையை எடுத்தெறிந்த தாய்மார்கள் இங்கே இருப்பீர்கள். அதற்குச் சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். அதுவும் இதே வழியில் வருவதுதான். ஆகவே இப்படிப்பட்ட நோயின் தடயம் தாயிடம் தெரியாது, தாயின் சகோதரர்களிடம் தெரியும். அல்லது அவர்கள் இல்லாமல் போனதில் தெரியும்.

நோயெதிர்ப்புக் குறைபாடுகளில் மிகக் கொடிய வகையைக் கண்டறியும் சோதனை 2019 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். தேக்கா வட்டாரத்தில் ஒரு தையல் கடைக்குள் நுழையுங்கள். மேசைக்கடியில் துணித்துண்டுகள் சிதறிக் கிடந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள் உருவாகும்போதும் மரபணுவில் வெட்டுப்பட்ட துண்டுகள் சிறு வளையங்களாக மிஞ்சும். சோதனை தேடுவது அந்த வளையங்களைத்தான். வளையமே இல்லையென்றால் தையற்காரர் கடைக்கே வரவில்லை. அந்தக் குழந்தைக்கு மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் 240 குழந்தைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், அப்படிச் சீக்கிரமே மாற்றம் பெற்றவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள்.

ஆனால் புரூட்டனின் சிறுவன் இன்று இங்கே பிறந்தால் இந்தச் சோதனையில் தேறிவிடுவான். அவனுடைய டி செல்களுக்கு ஒரு குறையும் இல்லையே! தாய் கொடுத்தனுப்பிய எதிர்ப்புரதம் முதல் சில மாதங்கள் காக்கும், அதன் பிறகுதான் தெரியவரும். இன்னொன்று: காசநோய்க்கான பி.சி.ஜி உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. இங்கே பிறந்த உடனே போடுவது. டி செல் இல்லாத குழந்தைக்கு அந்த ஊசியே நோயாகிவிடும். குடும்பத்தில் இப்படி நடந்திருப்பது முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் ஊசியைத் தள்ளிவைப்பார்.

போன முறை நான் பேசி முடித்ததும் ஓர் அம்மா கூட்டம் கலையும்வரை மின்தூக்கி அருகே காத்திருந்தார். மகள் நிறைமாதம். "இவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒரு வயதுகூட ஆகவில்லை, இரண்டும் தவறிவிட்டன. சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

"அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் அம்மா, ஊசி போடுவதற்கு முன்பே," என்றேன்.

பிரசவத் தேதியை இரண்டு முறை என்னிடம் சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தினார்.