ரிப்பீட்டருக்கு ஏற்ற கேபிள்

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ மொட்டைமாடியில் ஹாம் ரிப்பீட்டர் (அமெச்சூர் வானொலியில், மெலிந்த அலையை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) அமைக்க முனைவோர், கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, இரண்டையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளை மிஞ்சிய காசில் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

145 மெகாஹெர்ட்ஸில், 30 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிளில் ஏறத்தாழ 6 டெசிபல் இழப்பாகும். கீழிருந்து புறப்படும் 25 வாட்டில் ஆன்டெனாவை அடைவது 6 வாட்தான். ஆர்ஜி-213 என்றால் பாதிக்குச் சற்று மேல் தேறும். நெளிவு நெளிவான செம்புக்குழாயை வெளியுறையாகக் கொண்ட அரை அங்குலக் கேபிளில் 20 வாட் வரை போய்ச் சேரும். எண்ணூரிலிருந்து கைக்கருவியில் பேசுபவரின் மெலிந்த அலையும் இறங்கி வருகையில் இதே இழப்பைச் சந்திக்கிறது.

இழப்புக் கணக்கை மட்டும் பார்த்தால், அலுமினியத் தாளின் மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் போட்ட எல்எம்ஆர்-400 வகைக் கேபிளே போதுமெனத் தோன்றும். சாதாரண நிலையத்துக்கு அது நல்ல கேபிள்தான். ஆனால் ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில், 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்கிறது. காற்றில் கேபிள் ஆடும்போது இருவேறு உலோகங்கள் உரசும் இடங்களில், அனுப்பும் ஆற்றலே இரைச்சலாக மாறிக் கேட்கும் அலைவரிசையில் விழுகிறது. அந்த இரைச்சல், அனுப்பும் அலையையும் கேட்கும் அலையையும் பிரிக்கும் வடிகட்டியான டூப்ளெக்சரைத் தாண்டிய பிறகு பிறப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த டூப்ளெக்சராலும் அதைத் தடுக்க இயலாது.

என் நிலையத்தில் முதல் மழைக்காலம் முடிந்ததும், டிரான்ஸ்மிட்டர் எழும்போதெல்லாம் தொலைவுக் குரல்கள் கரகரத்து அறுந்தன. டூப்ளெக்சரின் வாயில், ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வெப்பமாக விழுங்கும் டம்மி லோடை மாட்டியதும் கரகரப்பு நின்றது. குற்றவாளி மேலே இருப்பது தெரிந்தது. இறக்கிப் பார்த்தபோது உப்புக்காற்று பின்னலை அரித்துக் கருக்கியிருந்தது. செம்புக்குழாய்க் கேபிளுக்கு மாறினேன். உள்ளே டூப்ளெக்சருக்கான குட்டை இணைப்புகளுக்கு, வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்ஜி-214 பொருந்தும்.

வெளியே ‘என்’ (N) வகை கனெக்டரையே போடுங்கள். பிஎல்-259 வகை கனெக்டர் நீரைத் தடுக்காது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை, ஓடு வேய்வதுபோல், கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.

புதிய கேபிளின் விலை கட்டுப்படியாகாதவர்கள், செல்பேசிக் கோபுரங்களிலிருந்து கழித்த துண்டுகளைத் தேடலாம். இரு முனைகளிலும் ஓரடி வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் களிம்பின் பச்சை தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வணக்கம்.