ஆறு கடந்த பிறகு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் முன்னாள் நீதியரசர் அவர்களே, இருமலோடும் வந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய சங்கச் செயலாளர் அவர்களே (அடுத்த முறை அந்தப் பணத்தைப் போராட்ட நிதியில் சேர்த்துவிடுங்கள்), தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிகுண்டு நிரப்பிய பெண்களின் உடல்நலம், ஓட்டுரிமை, கூலி என்று மூன்றைப் பேச வந்திருக்கிறேன். "ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ" என்ற பழமொழி இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

லீட்ஸ் நகரத்துக்கு அருகே பார்ன்போ தொழிற்சாலை. உள்ளே நுழையும் பெண் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றிவைக்க வேண்டும்; உலோகம் உரசினால் பொறி பறக்கும். குண்டில் நிரப்பும் டி.என்.டி. வெடிமருந்து பட்டுப்பட்டுத் தோல் மஞ்சளாகும். ஊரார் 'கேனரிகள்' என்றார்கள், மஞ்சள் குருவியை நினைத்து. நம் வீட்டு மஞ்சள் என்றால் குளித்துக் கழுவலாம், தாய்மார்களே. இது கழுவினால் போகாத மஞ்சள்! 1916 டிசம்பர் 5, இரவு. 42ஆம் அறையில் ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் மாண்டார்கள். சில மணி நேரத்தில் அதே அறைக்கு வேறு பெண்கள் தாமாகவே வேலைக்கு வந்து நின்றார்கள். அவர்கள் வந்து நின்றதை நினைத்துப் பாருங்கள். தணிக்கை இருந்ததால் செய்தித்தாள்களில் விபத்தின் விவரம் ஒரு வரிகூட வரவில்லை.

போர் முடிந்தது, ஆறு கடந்தாயிற்று. போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்க, அதாவது போர்க்காலத்தில் பெண்கள் பார்த்த வேலைகளை ஆண்களுக்கே திருப்பிக் கொடுக்க, 1919இல் ஒரு சட்டமே வந்தது. "போய் வா அம்மா" என்பதற்குச் சட்டம்! 1918இல் வந்த ஓட்டு 30 வயது நிரம்பியவர்களுக்குத்தான். குண்டு நிரப்பியவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறு பெண்கள். ஓட்டைப் பற்றி இன்னும் சொல்லலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எனவே கூலிக்கே வருகிறேன். எதைப் பேசினாலும் நான் அங்கேதான் வருவேன். 1918 ஆகஸ்டில் லண்டன் பஸ்களின் பெண் நடத்துநர்கள், ஆண்களுக்குக் கொடுத்த 5 ஷில்லிங் உயர்வு தங்களுக்கு இல்லை என்றதும் வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள். ஆற்றின் நடுவிலேயே கேட்டார்கள், கிடைத்தது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்கும் நம் மனு வாசல் மேசையில் இருக்கிறது. நீதியரசர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்; போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போயின.