எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து?

நேயர்களுக்கு வணக்கம். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இன்றும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஏராளம். பல மாநிலங்களில் இதற்கென்றே தனிப் பருவம் உண்டு. நான் வசிக்கும் பென்சில்வேனியாவில், சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் தீப்பிடிக்கும் பிளின்ட்லாக் ரகத்துக்கு 1974 முதல் ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, கடுங்குளிரில் வரும் பருவம் அது.

இந்தத் துப்பாக்கியைப் புதிதாக வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எவ்வளவு மருந்து போடலாம்?" என்றுதான். முதலில் குழலைப் பாருங்கள், அதற்கேற்ற குண்டைத் தேர்ந்தெடுங்கள், மருந்தை அப்புறம் பார்க்கலாம் என்பேன். இந்த வரிசை மாறினால் எவ்வளவு செலவழித்தாலும் குறி நிற்காது. குறி நிற்காத துப்பாக்கியால் மான் சாகாது. காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து துடிக்கும். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குழலின் உட்சுவரில் திருகாணி மரை போல வரிகள் முறுக்கிக்கொண்டு போகும். அவைதான் குண்டைச் சுழற்றி விடுகின்றன. எத்தனை அங்குலத்தில் அந்த வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் முக்கியமான கணக்கு. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு, உருண்டைக் குண்டுக்கு ஏற்றது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் வேகமான முறுக்கு; மருந்துக்கு நேர் பின்னாலிருந்து தீப்பிடிக்கும் இன்றைய இன்லைன் துப்பாக்கிகளில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுடும் நீளக் குண்டுகளுக்கானது. 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவே. இரண்டையும் ஏற்கும், ஆனால் இரண்டிலும் முதல் தரம் வராது. குண்டு தன் அகலத்தைவிட எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும். இல்லாவிட்டால் பறக்கும்போதே தள்ளாடும்.

1857 சிப்பாய்க் கலகம் என்றதும் நமக்குக் கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதை நினைவுக்கு வரும், இல்லையா? அந்தத் தோட்டாவைச் சுட்ட 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம்தான். தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டியிருந்ததால்தான் கொழுப்பு என்ன கொழுப்பு என்ற கேள்வியே எழுந்தது. அதன் முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மிக மெதுவானது. ஆனால் குண்டு தடிமனாகவும் குட்டையாகவும் இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. 530 கிரெய்ன் எடையுள்ள அந்தப் பெரிய குண்டுக்குப் போட்ட மருந்து ஏறத்தாழ 68 கிரெய்ன். 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. 68 கிரெய்ன் என்பது நான்கரை கிராம்கூட இல்லை.

இப்போது 50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழலை எடுத்துக்கொள்வோம். மெதுவான முறுக்கு. இதற்கு 0.490 அங்குல உருண்டை, சுத்தமான மெத்து ஈயத்தில் வார்த்தது, சுமார் 177 கிரெய்ன். மீதி இடைவெளியை எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணி அடைத்துக்கொள்ளும். வரியைப் பிடித்துச் சுழல்வது அந்தத் துணிதான், குண்டு அதற்குள் உட்கார்ந்துகொண்டு சுழல்கிறது. 50 கிரெய்ன் கருமருந்தில், அதாவது புகை கக்கும் பழைய ரக வெடிமருந்தில், தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். ஒவ்வோர் அளவிலும் மூன்று குண்டுகள், 50 கஜத்தில். ஒவ்வொரு முறை சுட்டதும் ஈரத்துணியால் குழலைத் துடைத்துவிடுங்கள். ஓர் அளவில் மூன்று துளைகளும் நெருங்கி வரும், அதைத் தாண்டினால் மறுபடி விலகும். பெரும்பாலும் 70க்கும் 90க்கும் நடுவே அந்த இடம் அகப்படும். தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன உச்ச அளவை மட்டும் ஒருபோதும் தாண்டக் கூடாது.

சுட்டதும் குறிப்பலகையை நோக்கி ஓடாதீர்கள். பத்துப் பதினைந்தடி தூரத்தில் தரையில் கிடக்கும் துணியைத் தேடி எடுங்கள். நடுவில் கறுப்பாகக் கறை, ஓரம் கொஞ்சம் பிசிறு, மற்றபடி முழுசாக இருந்தால் சரி. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லிசு, அல்லது மருந்து கூடுதல். குண்டு உட்கார்ந்த வட்டத்தைச் சுற்றி பிளேடால் கீறியது போல வெட்டு இருந்தால் குழலின் வரி விளிம்பு கூராக இருக்கிறது. பலகையிலுள்ள துளைகளைவிட அந்தக் கந்தல் அதிகம் சொல்லும்.

"மருந்தைக் கூட்டினால் தூரமாகப் போகுமே?" என்பார்கள். உருண்டை காற்றைக் கிழித்துப் போகிற வடிவம் கிடையாது. நொடிக்கு 1,800 அடி வேகத்தில் கிளம்புவது 100 கஜத்தில் ஆயிரத்தை ஒட்டி வந்துவிடும். வேகமாகக் கிளம்பினால் வேகமாகவே அதை இழக்கும். முப்பது கிரெய்ன் கூட்டிப் போட்டால் தோளில் நன்றாக உதைக்கும், மான் நிற்கும் இடத்தில் அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்காது. கனமான அடி வேண்டுமென்றால் 54 காலிபருக்குப் போங்கள்; அந்த உருண்டை 225 கிரெய்னை ஒட்டி இருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்டதால் சிலவற்றைக் கறாராகவே சொல்கிறேன். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இந்தக் குழலில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, குழல் வெடிக்கும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள். குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும், இடைவெளி விட்டால் குழல் புடைக்கும், பிளக்கவும் கூடும். கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், ஒரே பார்வையில் தெரிந்துவிடும். டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்து கருமருந்தைவிட வீரியமானது. அதே பலன் வேண்டுமென்றால் அளவில் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். பிளின்ட்லாக்குக்கு அசல் கருமருந்துதான். மாற்று மருந்து அந்தச் சின்னப் பொறிக்கு லேசில் தீப்பிடிக்காது.

கலிஃபோர்னியா நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வேட்டையில் ஈயக் குண்டுக்கு 2019 ஜூலை முதல் முழுத் தடை. சுட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்தன, அதனால் அந்தத் தடை நியாயமானது. பிஸ்மத் உருண்டை கிடைக்கிறது. ஆனால் அதே அளவு ஈயத்தைவிட எடை குறைவு, கடினமும் அதிகம். ஈயத்துக்குக் கண்டுபிடித்த மருந்து அளவு அதற்குப் பொருந்தாது. 50 கிரெய்னிலிருந்து மறுபடி தொடங்குங்கள், துணியையும் மறுபடி பொறுக்கிப் பாருங்கள். வணக்கம்.