பந்தை விடும்போது உடம்பு எங்கே இருக்க வேண்டும்?

வணக்கம் நேயர்களே. பவுலிங் என்றதும் உங்களில் பலருக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வந்திருக்கும். நான் பேசப்போவது, பாதையின் கோடியில் நிற்கும் பத்து கட்டைகளை, அதாவது பின்களை, பந்தை உருட்டித் தள்ளும் டென்பின் பவுலிங்கைப் பற்றி. அதிலும், பந்து கையைவிட்டுப் போகும் அந்த ஒரு நொடியைப் பற்றி மட்டும்.

ஒரு பவுலிங் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் ஆடுபவர்களை மட்டும் கவனியுங்கள். பந்தை விட்டதும் பலர் வலப்பக்கமாக ஓரிரு காலடி தள்ளாடிப் போவார்கள். கேட்டால், "கடைசியில் பேலன்ஸ் போயிடுது" என்பார்கள். உண்மையில் அது அதற்கு முந்தைய காலடியிலேயே போய்விடுகிறது. கடைசியில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

உடம்பு எதைச் சமாளிக்கிறது என்று முதலில் பார்ப்போம். 12 பவுண்டு பந்து ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. கையில் சும்மா பிடித்திருக்கும்வரைதான் அந்தக் கணக்கு. பின்னால் தோள் உயரத்துக்குப் போய், அங்கிருந்து ஊசலாக இறங்கி, கணுக்கால் அருகே வரும்போது அது தோளை இழுக்கும் விசை அதன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு. அதாவது பதினாறு கிலோ. அவ்வளவும் வலப்பக்கத்தில். அந்த நேரத்தில் நீங்கள் நிற்பதோ இடது காலில் மட்டும், அதுவும் வேண்டுமென்றே வழுக்கவிடும் காலில். இடக்கைக்காரர்கள் நான் சொல்வதையெல்லாம் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு காலடி நடையை எடுத்துக்கொள்வோம். முதல் காலடி வலது கால். அதோடு சேர்ந்தே பந்தும் முன்னால் நகர வேண்டும். இரண்டாவதில் பந்து காலோரம் இறங்குகிறது. மூன்றாவதில், மறுபடி வலது கால், பந்து பின்னால் உச்சிக்குப் போகிறது. நான்காவது இடது கால், வழுக்கல். அதில்தான் பந்து விடுபடுகிறது.

கோளாறு பெரும்பாலும் அந்த மூன்றாவது காலடியில். வலது பாதத்தை நேரே முன்னால் வைத்தால் வலது இடுப்பு பந்தின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். பந்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும், கை உடம்பைவிட்டு விலகும், விலகிய பந்து உங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் மூன்றாவது காலடியில் வலது பாதம் சற்றே குறுக்காக, இடது பாதத்துக்கு முன்னால் வர வேண்டும். இடுப்பு விலகி இடம் கிடைக்கும். அடுத்து இடது பாதம் உங்கள் முகவாய்க்கு நேர் கீழே வழுக்கி வந்தால், பந்து கணுக்காலிலிருந்து ஓரிரு அங்குல இடைவெளியில் கடந்து போகும்.

அப்போது வலது கால் என்ன செய்கிறது? வானொலியில் இதைப் படம் போட்டுக் காட்ட முடியாது. எழுந்து நில்லுங்கள், செய்தே பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். ஒரு பெரிய கடிகாரத்தின் நடுவில் உங்கள் இடது பாதம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்கள் 12 மணிப் பக்கம். வலது காலைப் பின்னால் கொண்டுபோய் 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், விரல்கள் தரையைத் தொட வையுங்கள். இடது கையைப் பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுத் தாழ்வாக நீட்டுங்கள். இப்போது இடது முழங்காலை மடக்கித் தாழுங்கள். வலது கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டாலும் அசையாமல் நிற்க முடிகிறதா? இனி வலது காலை 5 மணிப் பக்கம் மாற்றிப் பாருங்கள். எடை வலப்பக்கம் சாய்வது உடனே தெரியும்.

ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டே இரு கைகளாலும் பந்தை வீசிப் புகழ்பெற்றவர். அவரைப் பார்த்து இந்தப் பாணிக்கு வரும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்து விடுபடும் தறுவாய்வரை இடது கை பந்தின் மேலேயே இருப்பதால், அதை எதிரெடையாக நீட்ட நேரமில்லை. பின்னங்காலும் முதுகின் சாய்வும்தான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

அடுத்தது, தாழ்வதும் குனிவதும் ஒன்றல்ல. தாழ்வது முழங்காலில், குனிவது இடுப்பில். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தோள், முழங்கால், ஷூவின் முனை மூன்றும் ஏறக்குறைய ஒரே தூக்குநூலில் இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் குனிபவருக்குத் தலை அந்த நூலைத் தாண்டிப்போகும். எடை விரல்நுனிக்கு வரும். பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும், மிதிக்கக்கூடாத ஃபவுல் கோட்டை மிதித்துவிடுவார். மிதித்தால் அந்த வீச்சுக்குப் புள்ளி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஆழமாகத் தாழ வேண்டாம். நடையை மெதுவாக்கி, பந்தின் எடையைக் குறைத்துக்கொண்டால் குறைந்த மடக்கலே போதும்.

தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்கள் 60 அடி தூரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் கடைசி நேரத்தில் முகவாய் மேலெழும், அதோடு தோளும் எழும். பாதையில் சுமார் 15 அடியில் பதித்திருக்கும் அம்புக்குறிகளில் ஒன்றைப் பார்த்து, பந்து அதைக் கடக்கும்வரை தலையை அசைக்காதீர்கள்.

பந்தில் கட்டைவிரலை நுழைக்கும் துளையும் பேலன்ஸைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. துளை தளர்வாக இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று விரல் இறுக்கிப் பிடிக்கும், முன்கை விறைக்கும், தோள் ஒருபக்கம் தொங்கும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் விரல் மாட்டிக்கொண்டு உடம்பையே முன்னால் இழுக்கும். கட்டைவிரல் முதலில் வெளியேற வேண்டும், நடுவிரலும் மோதிரவிரலும் அதன்பிறகு. வாடகைப் பந்து எடுக்கும்போது எடையை மட்டும் பார்க்காமல் நாலைந்து பந்துகளில் விரலை விட்டுப் பாருங்கள்.

ஷூவின் அடிப்பாகத்தையும் தொட்டுப் பாருங்கள். கழிவறைக்குப் போய்வந்த ஈரமோ, சிந்திய குளிர்பானமோ ஒட்டியிருந்தால் வழுக்க வேண்டிய கால் சட்டென்று நின்றுவிடும், உடம்பு நிற்காது. மோசமான விழுகைகள் இப்படித்தான் நடக்கின்றன. அதற்காகத் தரையில் பவுடர் தூவுவது இன்னும் ஆபத்து, அடுத்து ஆடவருபவர் விழுவார்.

பயிற்சிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். கோட்டுக்கு மூன்றடி பின்னால், வலது காலில் எடையை வைத்து நில்லுங்கள். பந்தைக் கையில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஒருமுறை ஆட விட்டு, இடது காலால் ஒரே காலடி வழுக்கிப் பந்தை விடுங்கள். வேகம் வேண்டாம். பந்து பின்களைத் தொடும்வரை அதே நிலையில் நில்லுங்கள். மெதுவான பந்துக்கு நான்கைந்து வினாடி ஆகும். வலப்பக்கம் விழுந்தால் பின்னங்காலைப் பாருங்கள். முன்னால் விழுந்தால் இடுப்பில் குனிந்திருக்கிறீர்கள். இடப்பக்கம் விழுந்தால் பந்தைக் குறுக்கே இழுத்திருக்கிறீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் இப்படிப் பத்து வீச்சு. பிறகு முழு நடைக்கு வாருங்கள். வணக்கம்.