மெடிக்ளைம் இருந்தால் ஹாஸ்பிஸ் செலவுக்குப் பணம் வருமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஜிகர்தண்டாக் கடை வீடியோ இல்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன், கீழே பெரியம்மா தூங்குகிறார்.

பெரியப்பா ஆனி மாதம் போய்ச் சேர்ந்தார். கணையத்தில் புற்றுநோய். இனி கீமோ கொடுத்துப் பயனில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும் ஊருக்கு வெளியே ஒரு ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் இடத்தில் சேர்த்தோம். பதினேழு நாள். "பாலிசி இருக்குல்ல, எதுக்குப் பதறுறீக?" என்று அந்த வலியிலும் எங்களைத் தேற்றினார். கிளைம் போட்டோம். நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: எக்ஸ்க்ளூஷன் கோடு 05. எக்ஸ்க்ளூஷன் என்றால் விலக்கு, பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியல்.

அதற்குப் பிறகுதான் பாலிசிப் புத்தகத்தையே திறந்தேன். அதுவரை அது பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது.

பாலிசிகளில் வரும் விலக்குகளின் வாசகத்தை, காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பு 2019இல் ஒரே மாதிரி ஆக்கியது. அதில் 05 என்பது, சிகிச்சைக்காக இல்லாமல் ஓய்வுக்காகச் சேருவது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பும் இதில் அடக்கம், வீட்டில் செய்தாலும் சரி. அப்புறம் ஒரு வரி வருகிறது பாருங்கள்: இறுதிக்கட்ட நோயாளியின் உடல், சமூக, மன, ஆன்மிகத் தேவைகளுக்கான சேவைகள். ஹாஸ்பிஸ் செய்வதே அதைத்தானே? பெரும்பாலான பாலிசிகளில் இந்த விலக்கு இருக்கிறது.

இது போதாதென்று 'மருத்துவமனை' என்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் மதுரை மாதிரி பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிற ஊரில் குறைந்தது 15 படுக்கை, 24 மணி நேரமும் நர்ஸ், டாக்டர், சொந்தமாக ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேண்டும். சாகக் கிடக்கிறவருக்குக் கஞ்சி ஊட்டுகிற இடத்தில் ஆபரேஷன் தியேட்டர் எதற்கு என்று யாரிடம் கேட்பது?

சரி, எதற்குத்தான் கிடைக்கும்? வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது, கிருமித்தொற்று, மூச்சுத்திணறல் என்று பதிவு பெற்ற மருத்துவமனையில் சேர்த்து 24 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சை கொடுத்தால், அது சிகிச்சைக் கணக்கு. கிளைம் கேட்க வழி உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன சிகிச்சை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். 'டொமிசிலியரி' என்று ஒரு பிரிவும் இருக்கலாம். நகர்த்த முடியாத நிலை, அல்லது ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றால் வீட்டில் தரும் சிகிச்சைக்கு அது. ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வதற்கு இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், "ஆறு மாசம்தான்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா மெடிகேர்ல ஹாஸ்பிஸ் வந்துரும்" என்றான். உண்மைதான், அங்கே. மெடிகேர் அந்த நாட்டு அரசு முக்கியமாக முதியவர்களுக்குத் தரும் மருத்துவக் காப்பீடு. இங்கே ஆறு மாதக் கணக்கு வருவது சில டெர்ம் பாலிசிகளில், அதாவது ஆள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீட்டில். 'டெர்மினல் இல்னஸ்' (இறுதிக்கட்ட நோய்) பிரிவு இருந்தால், ஆள் இருக்கும்போதே காப்பீட்டுத் தொகை கைக்கு வரலாம். பெரியப்பாவிடம் டெர்ம் பாலிசியே இல்லை.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர் மாத்திரை மட்டும் அல்ல, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள். காப்பீடும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. எதிர்வீட்டு அப்பத்தாவுக்குப் புண் கட்ட நர்ஸம்மா வந்தபோதுதான் பார்த்தோம். அதற்குள் பெரியப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெரியம்மாவின் பாலிசி அடுத்த மாதம் ரினியூவல். கோடு 05 இருக்கிறதா, டொமிசிலியரி எத்தனை நாள் என்று ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி, அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்று பதில் வந்தது. மெயிலில் எழுத்தாகக் கேட்டிருக்கிறேன். வந்ததும் அடுத்த வீடியோவில் படித்துக் காட்டுகிறேன்.